முன்னறையில் மூன்று சனிக்கிழமைகள்

2025 செப்டெம்பர் 2, செவ்வாய்

அறையை அளந்துகொண்டு வந்தேன். நீளம் பன்னிரண்டடி, அகலம் பத்தரை. இதற்குள் ஒரு மேசை, இரண்டு கதிரை, ஒரு கண்ணாடி அலுமாரி, மரியகொறற்றி அன்ரி, நான், கமரா, ஷிராஸ், றொஹான், றொஹானின் லைட்டுகள். கமராவைப் பின்னால் கொண்டுபோனால் சுவர் முதுகில் முட்டுகிறது. குசினி வாசலில் ட்ரைபொட்டின் இரண்டு காலை உள்ளேயும் ஒரு காலை வெளியேயும் வைத்தால்தான் அன்ரியும் மேசையும் ஒன்றாக ஃபிரேமுக்குள் வருகிறார்கள்.

ஷிராஸ்தான் டைரக்டர். "பார்க்க நல்லாயிருக்கு" என்றான். டைரக்டர்களுக்கு எல்லா அறையும் பார்க்க நல்லாயிருக்கும். சுவர் பச்சை. அந்தப் பச்சை முகத்தில் ஏறி, ஒரு கிழமை காய்ச்சலில் கிடந்த ஆள் மாதிரிக் காட்டும். ஒரேயொரு ஜன்னல், அதுவும் ஒழுங்கையைப் பார்த்தது. ஓட்டோ போகும்போதெல்லாம் அதன் கண்ணாடியிலிருந்து ஒரு வெளிச்சத் துண்டு கூரையில் ஓடுகிறது.

எட்டு நிமிடப் படம். ஒரு பெண், ஒரு மேசை, திறக்காத ஒரு கடிதம். காலையிலிருந்து இரவு வரை கடிதத்தைச் சுற்றிச் சுற்றி வருகிறாள், கடைசியில் திறக்கிறாள். ஒக்டோபர் 10ஆம் திகதிக்குள் கொடுக்காவிட்டால் எங்கள் மூன்று பேருக்கும் டிப்ளோமா இல்லை.

அன்ரி, றொஹானின் சின்னம்மா. கொட்டாஞ்சேனையில் அவர் வீடு, அவரே நடிக்கவும் போகிறார். தவக்காலத்துக் கோயில் நாடகங்களில் அழுகிற பெண்களில் ஒருவராக நின்ற அனுபவம் இருக்கிறதாம். கமரா என்னுடையது. போன வருடம் ரொறன்ரோவிலிருந்து கலியாணத்துக்கு வந்த அப்பாவின் கூட்டாளி ஒருவர் திரும்பிப் போகும்போது கொடுத்துவிட்டுப் போனது. வெள்ளவத்தையில் பாதிக் கமராக்கள் அப்படித்தான் வந்து சேர்கின்றன.

செப்டெம்பர் 4, வியாழன்

கீழ் வீட்டில் புது ரீவி. பெட்டிக்குள் உடையாமல் அடைத்து வந்த வெள்ளை ரிஜிபோம் தட்டுகளைக் கேட்டு வாங்கிவிட்டேன். வெளிச்சத்தைத் திருப்ப அந்த வெள்ளையை விட நல்லது எதுவும் கிடைக்காது.

செப்டெம்பர் 6, சனி

முதல் நாள். ஜன்னலுக்குக் கறுப்புக் குப்பைப் பை ஒட்டி ஒழுங்கையை வெளியே நிறுத்தினோம். கட்டட வேலைக்காரர் பாவிக்கிற ஃப்ளட் லைட் இரண்டை றொஹான் எங்கேயோ இரவல் வாங்கி வந்திருந்தான். நேரே அடித்தால் பொலிஸ் விசாரணை மாதிரி இருந்தது. ரிஜிபோமில் அடித்துத் திருப்பி, குறுக்கே ட்ரேசிங் பேப்பர் பிடித்ததும் முகம் முகமாக வந்தது. ஃபான் போட்டால் சத்தம், போடாவிட்டால் வியர்வை. துறைமுகத்துக்குப் போகும் கொண்டெய்னர் லொறி சந்தியில் திரும்பினால் ட்ரைபொட் நடுங்குகிறது. பதினொரு ஷொட் எடுத்தோம்.

அன்ரியிடம் நடிக்கச் சொன்னால் உடனே அழுகிறார். சும்மா இருக்கச் சொன்னால் கண்ணை எடுக்க முடியவில்லை. ஷிராஸுக்கு மத்தியானம்தான் அது பிடிபட்டது.

ஒரு தொல்லை மட்டும். கமராவுக்குப் பக்கத்துச் சுவரில் இயேசுவின் திருஇருதயப் படம், அதன் கீழே ஒரு சின்னச் சிவப்பு பல்ப். அன்ரியின் ஒரு பக்கக் கன்னம் சிவந்து தெரிகிறது. அணைக்கலாமா என்று கேட்டேன்.

"அது அணைக்கிறேல்ல, பிள்ளை" என்றார் சிரித்துக்கொண்டே. ஃபான், ஃபிரிட்ஜ், மணிக்கூடு எல்லாவற்றையும் நிறுத்த விட்டவர்.

றொஹான் என்னை வெளியே கூப்பிட்டு விளங்கப்படுத்தினான். அன்ரியின் புருஷன் ஒஸ்வால்ட் அங்கிள் சரக்குக் கப்பலில் எஞ்சின் அறையில் வேலை. அவர் பெட்டியோடு வாசலைத் தாண்டியதும் அன்ரி அந்த பல்பைப் போடுவார். எட்டோ ஒன்பதோ மாதம் கழித்து அங்கிள் வந்து தன் கையால் அணைப்பார். நடுவில் அது அணையக் கூடாது. கோயில் சொன்ன சட்டமில்லை, கலியாணம் கட்டிய வருடம் இவர்களே வைத்துக்கொண்டது. பல்ப் பழசாகிப் போய்விடக் கூடாதென்று மாதத்தின் முதல் வெள்ளியில் புதுசு மாட்டுவாராம். மாட்டுகிற அரை நிமிடத்துக்கு மெழுகுதிரி எரியும். இந்த மாதத்து பல்ப் நேற்றுத்தான் மாட்டியது. யாரும் தெரியாமல் தட்டிவிடாமல் சுவிட்சின்மேல் பிளாஸ்ரர் ஒட்டியிருக்கிறது.

வடிவான பழக்கம். கன்னத்துக்குத்தான் நல்லதில்லை.

செப்டெம்பர் 7, ஞாயிறு

லப்டொப்பில் போட்டுப் பார்த்தேன். எல்லா ஷொட்டிலும் மங்கலான பட்டைகள் கீழிருந்து மேலே ஏறிக்கொண்டே இருக்கின்றன. கமராவின் சின்னத் திரையில் ஒன்றும் தெரியவில்லை. இங்கே அன்ரியின் நெற்றியில் வரிசையாக ஏறுகின்றன. ஒரு நாள் வேலை குப்பை.

எதனால்? றொஹானின் லைட் இல்லை, அது எரியாத ஷொட்டிலும் பட்டை. ரியூப் லைட்டும் இல்லை, ரியூப் லைட்டின் கீழ் ஃபோனில் எத்தனை பிறந்தநாள் எடுத்திருக்கிறேன், ஒரு பட்டையும் வந்ததில்லை. கமராவா? கடற்கரை, தேர், கிரிக்கெட் என்று வெயிலில் எவ்வளவோ எடுத்தாயிற்று, கண்ணாடி மாதிரி வந்தது. மிச்சம் ஒன்றே ஒன்று. மலிவான சீனத்து எல்ஈடி, கண்ணுக்குத் தெரியாமல் துடிக்கிற சாதி. சிவப்பு பல்ப்.

கேஸ் முடிந்தது.

செப்டெம்பர் 9, செவ்வாய்

கொள்ளுப்பிட்டியில் வகுப்பு முடிந்து கன்ரீனில் மூன்று பேரும் கதைத்தோம். ஒரு நாளைக்கு மட்டும், ஷொட் எடுக்கிற நேரம் மட்டும் அணைக்க முடியாதா என்று கேட்டேன்.

"பிரியா, அதத் தொடாத" என்றான் றொஹான். "வேற எதையும் கேள். சுவருக்குப் பெயின்ற் அடிக்கவும் விடுவா."

"ஒரு கறுப்புத் துணியால மூடினா?" ஷிராஸ் கேட்டான்.

"மூடினாலும் அவக்கு ஒண்டுதான்."

ஷிராஸ் என்னைப் பார்த்தான். எப்படியாவது சரிசெய் என்று அர்த்தம். பட்டை கமராக்காரியின் பாடு, டைரக்டரின் பாடு இல்லை. அதுவும் நியாயம்தான்.

செப்டெம்பர் 13, சனி

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

அன்ரி குசினியில் பிளேன்ரீ போட்டுக்கொண்டிருந்தார். ஷிராஸும் றொஹானும் வெளியே நின்று ஜன்னலுக்குப் பை ஒட்டினார்கள். நான் கதிரையில் ஏறி பல்பைக் கொஞ்சம் திருகித் தளர்த்தினேன். அணைந்தது. எங்கள் லைட்டுகள் எரியும்போது சிவப்பு இருப்பதும் இல்லாததும் கண்ணுக்கு அவ்வளவு தெரியாது, முக்கியமான ஷொட் முடிந்ததும் இறுக்கிவிடலாம், யாருக்கும் தெரியப்போவதில்லை. இதுதான் என் திட்டம். திட்டம் முழுக்க வெளிச்சத்தைப் பற்றியது. அதே அறையில் அன்ரி இருப்பார் என்பது அதில் இல்லை.

ஷிராஸ் தொடங்கச் சொன்னான். அன்ரி கடிதத்தைக் கையில் எடுத்து நிமிர்ந்தார். கண் சுவருக்குப் போனது, அங்கேயே நின்றது. முகத்தில் முதலில் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு வாய் கொஞ்சம் திறந்தது. கீழுதடு உள்ளே இழுபட்டது. கடிதம் வைத்திருந்த கை மேசைக்கு இறங்க மறந்து நடுவில் நின்றது. பதினெட்டு விநாடி. ஃபோகஸ் சரியாக இருந்தது. இதை எழுத எனக்கே அருவருப்பாக இருக்கிறது, ஆனால் நான் முதலில் பார்த்தது ஃபோகஸைத்தான்.

"சுப்பர், அன்ரி" என்றான் ஷிராஸ். "இதத்தான் நான் ரெண்டு கெழமையா கேட்டேன்."

"பல்ப்" என்றார் அன்ரி. "பல்ப் நூந்துபோச்சு."

எழுந்துபோய் மெழுகுதிரி எடுத்துவந்தார். நெருப்புக்குச்சி மூன்று தரம் உடைந்தது. றொஹான் புது பல்ப் மாட்டி, பழையதைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டான். "எட்டு நாள்தானே ஆகுது, வெள்ளிக்கிழமைதானே மாட்டினது" என்று அன்ரி திரும்பத் திரும்பச் சொன்னார். அங்கிள் கடைசியாக ஃபோன் எடுத்தது போன மாதக் கடைசியிலாம். கப்பல் ஆபிரிக்காவைச் சுற்றிப் போகிறது. அதற்குப் பிறகு ஒரு மெசேஜும் இல்லை. இதையெல்லாம் இன்றுதான் கேள்விப்பட்டேன்.

அப்போதே சொல்லியிருக்கலாம். மூன்று சொல் போதும்: நான்தான் தளர்த்தினேன், அன்ரி. சொன்னால் வீடு போகும், வீடு போனால் படம் போகும். அடுத்த ஷொட் முடியட்டும் என்று நினைத்தேன். அடுத்த ஷொட் எடுக்கவேயில்லை. அன்ரி குசினிக்குள் போய் வெளியே வரவில்லை. நாங்கள் சாமானைக் கட்டிக்கொண்டு வந்துவிட்டோம்.

செப்டெம்பர் 14, ஞாயிறு

பட்டைகள் அப்படியே இருக்கின்றன. பல்ப் எரிந்த சனிக்கிழமையும் பட்டை, எரியாத சனிக்கிழமையும் பட்டை.

செப்டெம்பர் 15, திங்கள்

கமராவின் மெனுவை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை பார்த்தேன். கைக்கு வந்து ஒரு வருடத்தில் இதுதான் முதல் தடவை.

கமரா கனடாக் கரண்டுக்கு வைத்தபடி இருக்கிறது. அங்கே கரண்ட் விநாடிக்கு அறுபது தரம் துடிக்கிறது, இங்கே ஐம்பது தரம். எங்கள் ஊர் லைட்டின் துடிப்பும் இதன் துடிப்பும் ஒத்துப்போகவில்லை. அதுதான் பட்டை. வெயில் துடிப்பதில்லை, அதனால் வெளியே எடுத்ததெல்லாம் நன்றாக வந்தது. ஃபோன் இங்கே வாங்கியது, அதற்கு இங்கத்தைய கரண்ட் தெரியும். அறுபதை ஐம்பதாக மாற்றி எங்கள் வீட்டு ரியூப் லைட்டை எடுத்துப் பார்த்தேன். பட்டை இல்லை. பத்து விநாடி வேலை.

பத்து விநாடி வேலைக்கு நான் அந்த பல்பைத் தளர்த்தினேனே. என்ன செய்துவிட்டேன்?

ஷிராஸிடம் ஃபோனில் சொன்னேன், மெனு விஷயம் மட்டும். முதலில் கத்தினான், பிறகு இருபத்தேழாம் திகதி எல்லாவற்றையும் திரும்ப எடுப்போம் என்றான். "அந்த ஒரு ஷொட்ட மட்டும் பட்டையோடயே வெச்சிக்கிறுவோம்" என்றான். "அத இன்னொருக்கா எடுக்க ஏலா."

செப்டெம்பர் 17, புதன்

காலையில் றொஹானிடமிருந்து மெசேஜ்: "அந்த பல்ப் எங்கட வீட்டில நல்லா எரியுது." அவ்வளவுதான்.

பின்னேரம் அவனே ஃபோன் எடுத்தான். அன்ரி சாப்பிடுவதில்லை. குளிக்கப் போனாலும் ஃபோன் கூடவே போகிறது. நேற்றுக் கோயிலில் பூசை முடிந்தும் வீட்டுக்கு வரவில்லை, இவன்தான் போய்க் கூட்டிவந்தான். "ஏஜென்சிக்கும் போய்க் கேட்டவ. கப்பல் ஓடுது எண்டு மட்டும் சொன்னவங்களாம். அவ நம்பேல்ல."

நீதானே என்று அவன் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். "வெள்ளிக்கிழமை வரைக்கும் பாப்பன். பிறகு நான் சொல்லுவன்" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டான்.

செப்டெம்பர் 18, வியாழன்

போகவில்லை. மழை என்று காரணம் எழுதலாம். மழை பெய்தது உண்மை.

செப்டெம்பர் 19, வெள்ளி

புறக்கோட்டை வரை பஸ், பிறகு ஓட்டோ. றொஹான் கெடு வைத்திருக்காவிட்டால் போயிருப்பேனா? தெரியாது.

கதவைத் திறந்ததும் அன்ரி, "வாங்கோ பிள்ளை, அண்டைக்கு அரைகுறையில விட்டுட்டன், குறை நினைக்காதேங்கோ" என்றார். ஹவுஸ்கோட் தோளில் தொங்கியது, ஆறு நாளில் ஆள் அரைவாசி. அவர் என்னிடம் மன்னிப்புக் கேட்கிறார்!

கதிரையில் இருக்காமலே சொன்னேன். பல்ப் தானாக அணையவில்லை, நான் தளர்த்தினேன். பட்டை அதால்தான் வருகிறதென்று நினைத்தேன். பட்டை கமராவால் வந்தது, பல்பில் ஒரு பிழையும் இல்லை.

அன்ரி முதலில் கேட்டது இது: "அப்ப அவருக்கு ஒண்டுமில்லையோ?"

அது எனக்கு எப்படித் தெரியும். "பல்ப் அணைஞ்சதுக்குக் காரணம் நான்தான், அன்ரி. வேற ஒண்டுமில்ல."

கதிரையில் இருந்து, முகத்தை இரண்டு கையாலும் மூடி அழுதார். கோயில் நாடக அழுகை இல்லை, சத்தமே இல்லை. நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கொஞ்ச நேரத்தில் நிறுத்தி மூக்கைத் துடைத்தார்.

"எத்தின நாள், பிள்ளை?"

"ஆறு நாள், அன்ரி."

"ஆறு நாள். நான் செத்தவீடு வரைக்கும் யோசிச்சிட்டன். ஆர் ஆர் வருவினம், சவப்பெட்டி இந்த வாசலால திரும்புமோ எண்டெல்லாம். சாணால அளந்தும் பாத்தன்."

நான் வாசலைத் திரும்பிப் பார்த்தேன்.

பிறகு அந்த ஷொட்டைக் காட்டச் சொன்னார். லப்டொப்பும் கமராக் கார்ட்டும் பையில் இருந்தன. பதினெட்டு விநாடியையும் இரண்டு தரம் பார்த்தார். முகத்தில் பட்டைகள் ஏறிக்கொண்டிருந்தன.

"இதப் படத்தில போடப்போறீங்களோ?"

"ஷிராஸுக்கு விருப்பம்."

"இது நடிப்பில்ல, பிள்ளை. அழியுங்கோ."

அவர் முன்னாலேயே அழித்தேன், லப்டொப்பிலும் கார்ட்டிலும். வேறு பிரதி இல்லை என்று சொன்னேன். நம்பினாரா என்று முகத்தில் தெரியவில்லை, நம்ப வேண்டிய அவசியமும் இல்லை. வாசலுக்கு வந்தபோது பின்னாலிருந்து சொன்னார்: "இருபத்தேழாந்திகதி வாங்கோ. தொடங்கினத முடிச்சுக்கொண்டு போங்கோ. றொஹானும் படிச்சு முடிக்கவேணும்தானே."

தேத்தண்ணி குடிக்கிறீங்களா என்று கேட்கவில்லை. இந்த வீட்டில் அது முதல் தடவை.

செப்டெம்பர் 20, சனி

ஷிராஸ் வெள்ளவத்தைக்கே வந்துவிட்டான். கீழே கேற்றடியில் நின்று அரைமணி நேரம் ஏசினான். "ஒனக்கு விசரா? அந்த ஷொட்டுக்காகத்தான் இந்தப் படமே."

"பட்டை இருந்தது."

"பட்டை இருந்தா என்ன, மொகம் இருந்திச்சே."

அவன் சொல்வது சரி. இனி என் வாழ்நாளில் அப்படி ஒரு முகம் என் கமராவுக்கு முன்னால் வராது. அது வந்த விதத்தையும் சொன்னேன். அதற்குப் பிறகு அவன் கத்தவில்லை. "வேற ஆள வெச்சி எடுத்திருக்கணும்" என்று சொல்லிவிட்டுப் போனான். என்னையா அன்ரியையா சொன்னான் என்று கேட்கவில்லை.

செப்டெம்பர் 23, செவ்வாய்

ஒஸ்வால்ட் அங்கிள் டேர்பனிலிருந்து ஃபோன் எடுத்தாராம். கப்பலில் இன்ரநெட் பழுது. ஆளுக்கு ஒன்றுமில்லை, பல்லுவலி மட்டும். றொஹான் சொன்னதும் பஸ் நிற்கிற ஹோல்டிலேயே இருந்துவிட்டேன், இரண்டு பஸ் போனது. அன்ரிக்கு இப்போது ஆறுதலாக இருக்கும்.

செப்டெம்பர் 27, சனி

மூன்றாம் நாள். வேலை என்று பார்த்தால் எங்கள் நல்ல நாள் இதுதான். குப்பைப் பை, ரிஜிபோம், ட்ரேசிங் பேப்பர் எல்லாம் அதனதன் இடம் தெரிந்த மாதிரி உட்கார்ந்தன. ஒவ்வொரு ஷொட்டையும் லப்டொப்பில் போட்டுப் பார்த்தபிறகே அடுத்ததற்குப் போனோம். பட்டை இல்லை. சிவப்பு கன்னத்தில் விழுந்தது, விட்டுவிட்டேன். பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது.

அன்ரி சொன்ன இடத்தில் இருந்தார், சொன்னபோது எழுந்தார். ஷொட்டுக்கும் ஷொட்டுக்கும் நடுவில் மட்டும், மேசையை விட்டுப் போய்த் திருஇருதயப் படத்துக்குக் கீழே ஒரு கதிரை போட்டு இருந்தார். காவல் இருக்கிறார் என்று எல்லோருக்கும் விளங்கியது. ஷிராஸ் தன் நோட்டைப் பார்த்தான். றொஹான் வயர் சுற்றினான்.

கடைசி ஷொட், கடிதத்தைத் திறந்துவிட்டு நிமிர வேண்டும். ஷிராஸ் மெதுவாகத்தான் சொன்னான், அன்றைக்கு மாதிரி வந்தால் நல்லது என்று. வரவில்லை. ஆறு தரம் எடுத்தோம். ஏழாவது தரம் அன்ரி சுவரைப் பார்க்கவில்லை. நிமிர்ந்து நேரே லென்ஸைப் பார்த்தார், அதற்குப் பின்னால் இருந்த என்னை. ஒன்பது விநாடி. கோபம் இல்லை. தெரிந்த ஆளை இனி எவ்வளவு தூரத்தில் வைப்பது என்று யோசிக்கிற பார்வை. நான் கமராவிலிருந்து கையை எடுக்கவில்லை.

"இது போதும்" என்றான் ஷிராஸ்.

ஒக்டோபர் 10, வெள்ளி

கொடுத்தாயிற்று.

ஒக்டோபர் 15, புதன்

பரீட்சகர்கள் மூன்று பேர் படம் பார்த்தார்கள். கடைசிப் பார்வையை நிறுத்தித் திரும்பப் போடச் சொன்னார்கள். பின்வரிசையில் யாரோ மூச்சை இழுத்தது கேட்டது. ஒருவர் என்னைக் கேட்டார்: "இவ்வளவு சின்ன அறையில் இந்த முகத்துக்கு என்ன வெளிச்சம் வைத்தீர்கள்?"

சொன்னேன். ஒரு ஃப்ளட், ரிஜிபோமில் திருப்பியது. மேலே ரியூப் லைட். ஷட்டர் ஐம்பது. பக்கத்தில் ஒரு சிவப்பு பல்ப், அது வீட்டுக்காரருடையது. அவர் எழுதிக்கொண்டார்.

மூன்று பேரும் பாஸ். ஷிராஸ் அடுத்த படத்துக்கு வேறு கமராக்காரரோடு கதைத்துவிட்டானாம். அன்ரியைக் கூப்பிட்டிருந்தோம், வரவில்லை.

நவம்பர் 8, சனி

றொஹான் எடுத்தான். ஒஸ்வால்ட் அங்கிள் வியாழக்கிழமை வந்துவிட்டாராம். எயார்போர்ட்டிலிருந்து கூட்டிவந்தது இவன்தான்.

அங்கிள் நேரே படத்தடிக்குப் போய், பிளாஸ்ரரை உரித்து, பல்பை அணைத்தாராம். பிறகு அன்ரியைத் திரும்பிப் பார்த்து, "இந்தமுறையும் ஒரு நாளும் நூரேல்லத்தானே?" என்று கேட்டாராம்.

"அன்ரி என்ன சொன்னவ?"

"ஓம் எண்டு சொன்னவ. என்ர பக்கம் திரும்பவேயில்ல."

இதற்கு முன் அவருக்குப் பொய் சொல்லியிருக்கிறாரா என்று கேட்டேன். எனக்கெப்பிடித் தெரியும் என்றான் றொஹான். பிறகு, பல்ப் நூந்தது தெரியவந்தால் அங்கிள் இனிக் கப்பல் ஏறமாட்டார், அதுதான் பொய் சொல்லியிருப்பா என்றான். மாசியில் திரும்பப் போகவேண்டுமாம்.

ஃபோனை வைத்து ஒரு மணித்தியாலமாகிறது. நான் செய்ததை இனி அன்ரி அந்த வீட்டுக்குள் மறைத்துக்கொண்டு இருக்க வேண்டும். வெட்கமாக இருக்கிறது.